மூன்றாம் வரிசையின் ஓரம்

தமீரா பாட்டு ஆசிரியையாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு மத்தியான வேளையில். மலைக்கு இந்தப் பக்கம் குளிர்காலத்தில் மத்தியானம் என்பது பெயருக்குத்தான். வானம் ஈயத்தகடு மாதிரி தாழ்ந்து கிடந்தது. கொதிகலன் அறையிலிருந்து கிளம்பிய நிலக்கரிப் புகை மேலே போக மனமில்லாமல் முற்றத்துப் பனிமேலேயே படர்ந்துகொண்டிருந்தது. காலை வகுப்புப் பிள்ளைகள் வெளியே ஓட, மத்தியான வகுப்புப் பிள்ளைகள் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே நுழைய, வாசல் முழுக்க ஈரக் கம்பளியின் வாடை.

தலைமையாசிரியை பூபுசாரா வாசலுக்கே வந்து அவளை அழைத்துப் போனாள். ஐம்பதைத் தாண்டிய, அகன்ற தோள்களுள்ள பெண். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை அக்கா முறை வைத்து 'எஜே' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கணவாய்ல பஸ் நின்னுச்சா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லையே எஜே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கை ஜில்லுன்னு இருக்கு பாரு, மொதல்ல டீ குடி."

பள்ளியில் பல வருடமாகப் பாட்டு ஆசிரியர் இல்லை. பாட்டு வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் மாகாண அளவில் பள்ளிகளுக்கிடையே சேர்ந்திசைப் போட்டி வைத்திருந்தார்கள். ஜெயிக்கும் பள்ளி, வசந்த விழாவன்று தலைநகரத்துப் பெரிய அரங்கில் பாடலாம். அங்கே நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்கு இசைக் கல்லூரியில் இடம், விடுதியில் கட்டில். படிப்பு முடிந்ததும் பையன்கள் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போக, பெண்கள் கல்யாணமாகிப் போகிற ஊரில் அது ஒரு சின்ன ஜன்னல் திறந்த மாதிரி.

"ஜெயிச்சா பாட்டு வகுப்பு தொடரும்னு கல்வி இலாகாவுல சொல்லிட்டாங்க," என்றாள் பூபுசாரா. "இல்லேன்னா வசந்தத்தோட சரி. உனக்கும்தான். ஒளிச்சுப் பேசி என்ன ஆகப்போவுது?"

இசை அறை மாடி நடைபாதையின் கடைசியில் இருந்தது. பாடுகிறவர்கள் நிற்க மூன்று அடுக்காகப் பலகைப் படிகள். மூலையில் ஒரு பழைய பியானோ. சுவரில் நரம்பு தளர்த்திய கோமுஸ் வாத்தியங்கள் வரிசையாகத் தொங்கின. ஜன்னலுக்குக் கீழே சூடான குழாய் ஓடியதால் அறை கதகதப்பாகவே இருந்தது.

ஓர் இடத்தைத் தவிர.

மூன்றாம் அடுக்கின் வலது ஓரம். முதல் நாள் தூசி தட்டப் போனபோதே தமீராவுக்கு அது தெரிந்தது. அங்கே கையை நீட்டினால், திறந்து வைத்த பனிப்பெட்டிக்குள் விட்ட மாதிரி விரல்கள் விறைத்தன. சுவரில் எங்கோ விரிசல் என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் வரிசையாக நின்றபோது, அந்த ஓரத்தில் இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நெருக்கியடித்து நின்றார்கள்.

"ஏன் அங்க இடம் விடுறீங்க? தாராளமா நில்லுங்களேன்."

முன்வரிசையில் நின்ற எல்தானாதான் பதில் சொன்னாள். நல்ல குரலுக்குச் சொந்தக்காரி. அது அவளுக்கே நன்றாகத் தெரியும். "அந்த இடம் ஆகாது எஜே. அங்க நின்னா சத்தம் வராது."

"அப்ப ஜாங்கிலை அங்க நிக்க வைங்க," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "ஊருக்கே நிம்மதி."

அறை சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஜாங்கில்தான்.

ஜாங்கில் பத்தாம் வகுப்பு. உயரமும் பருமனும் வயதுக்கு மீறியவை. அவள் அம்மா ஸூரா சந்தையில் இறைச்சி வைத்த சம்சா சுட்டு விற்பவள். மகள் விடியுமுன்னே எழுந்து வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருவதால் விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். ஒரு மலைச்சரிவில் நின்று எதிர்ச்சரிவில் மேய்கிற ஆட்டைக் கூப்பிடுகிற குரல் அவளுடையது. சுருதி அவளைக் கண்டால் விலகி நடக்கும். ஆனால் பயிற்சிக்கு முதலில் வருபவளும் அவள், கடைசியில் போகிறவளும் அவள். பாடும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கே வயிறு நிறையும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, சிரித்த முகக்காரர். பாட்டு முடிந்ததும் தமீராவைத் தனியே அழைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல யாரோ கன்னுக்குட்டியைத் தொலைச்ச பசு மாதிரி கத்துறாங்களே? நடுவர்களுக்கும் காது இருக்கும்மா."

அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு ஜாங்கிலைத் தமீரா நிறுத்திக்கொண்டாள். வார்த்தைகளைத் தேடினாள். அவளை விலக்க மனமில்லை, தோற்கவும் மனமில்லை.

"நீ கண்டிப்பா வருவ. மேடையில நிப்ப. புது உடுப்பு, தலையில தொப்பி, எல்லாம் உண்டு. ஆனா… பாட வேணாம்டா. வாயை மட்டும் அசைச்சா போதும்."

ஜாங்கில் கொஞ்ச நேரம் தன் சிவந்த விரல்களையே பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதா எஜே?"

"தெரியாது."

"எங்கம்மாவுக்கு? அவங்க கடையைச் சாத்திட்டுப் பாக்க வர்றாங்க."

"யாருக்குமே தெரியாது."

"சரி எஜே," என்றாள் ஜாங்கில். சிரிக்கக்கூடச் செய்தாள்.

அதற்குப் பிறகு வெகுநாள் அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தமீரா அவளை மூன்றாம் அடுக்கின் வலது ஓரத்தில் நிற்க வைத்தாள். அங்கே நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற ஒரே எண்ணம்தான். பாட்டு எண்ணெயில் நழுவுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிசிறே இல்லை. பிள்ளைகளே வியந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கொதிகலன் பழுதானது. அறை உறைந்துவிட்டது. எல்லோரும் கோட்டோடு நின்று பாடினார்கள். ஒவ்வொரு வரிக்கும் அத்தனை வாயிலிருந்தும் வெண்மையாக ஆவி கிளம்பி, ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்தது. கையசைத்துக்கொண்டிருந்த தமீரா அந்த அழகில் லயித்துப் போயிருந்தாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

ஜாங்கிலின் வாய் அசைந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை. குளிரில் மூச்சு விடுகிற எந்த உயிருக்கும் வரும் ஆவி அவளுக்கு இல்லை.

அவளுக்கு அந்தப்பக்கம், சுவரோரம், யாருமே இல்லாத இடத்தில், ஒரு சிறுமியின் தலை உயரத்தில் ஆவி எழுந்தது.

அடங்கியது.

அடுத்த வரி தொடங்கியதும் தாளம் தப்பாமல் மறுபடி எழுந்தது.

தமீராவின் கைகள் காற்றில் நின்றுவிட்டன. பிள்ளைகள் குழம்பி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசிப் பிள்ளையும் நிறுத்திய பிறகு, அந்த ஓரத்திலிருந்து இன்னும் ஒருமுறை ஆவி வந்தது. புதுப்பனியின் வாசனை அறைக்குள் பரவியது.

"எஜே, என்னாச்சு?" என்றாள் எல்தானா.

"ஒண்ணுமில்ல. குளிருது. போங்க, வீட்டுக்குப் போங்க."

அந்த வாரக் கடைசியில் ஸூரா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் கட்டிய, மாவு படிந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நடைபாதையில் தமீராவை மறித்து நின்றாள்.

"என்னா சொன்னீங்க எம் பொண்ணை?"

"உக்காருங்க ஸூரா எஜே. நான்…"

"உக்கார வரல. வாய் ஓயாத பொண்ணு அது. தூக்கத்துலகூட பாடும், நான் தலகாணியால அடிப்பேன். இப்ப வாய் அசையுது, சத்தமில்ல. டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு தொண்டை நல்லாருக்குங்கறாரு. நல்லாருக்கற தொண்டையில ஏன் சத்தம் வரல?"

தமீரா தலைகுனிந்து, தான் சொன்னதைச் சொன்னாள். ஸூரா திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று எதிர்பார்த்தாள். ஸூரா முகம்தான் வெளுத்தது.

"வாயை மட்டும் அசைக்கச் சொன்னீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். "இந்தப் பள்ளிக்கூடத்துலயா?"

அதற்குமேல் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

தமீரா ஜாங்கிலை அழைத்துக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது தப்பு. நீ பாடு. எப்படி வருதோ அப்படியே பாடு." ஜாங்கில் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. கிணற்றுக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி இருட்டும் குளிரும்தான் அந்த வாயிலிருந்து வந்தன.

மறுநாள் ஜாங்கிலுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் குரல் போயிற்று. அடுத்த நாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுடையது. பிள்ளைகள் பயந்து, இடத்தை மாற்றிக்கொண்டு நின்றார்கள். பயனில்லை. போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், எல்தானா முதல் வரியைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டின் தொடக்கம் முழுக்க அவளுடையதுதான்.

"மலை இறங்கி வா, என் வெள்ளைக் குதிரையே…"

'குதிரையே' என்பது பாதியில் அறுந்தது.

வாய் நிற்கவில்லை. உதடுகள் மிச்சச் சொல்லை உருவாக்கிக்கொண்டே போயின. எல்தானாவின் கண்கள் மட்டும் விரிந்து, தன் வாயை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி தமீராவைப் பார்த்துக் கெஞ்சின.

யாரோ ஒரு பிள்ளை வீறிட்டது. எல்லோரும் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

சத்தம் கேட்டு பூபுசாரா மேலே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் நீலமாக மங்கிக்கொண்டிருந்தது. அவள் விளக்கைப் போடவில்லை. மூன்றாம் அடுக்கின் ஓரத்தைப் பார்த்தபடி பியானோ முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஸூரா என்கிட்டயும் வந்தா," என்றாள். "எங்க காலத்துலயும் இப்படி ஒரு போட்டி இருந்துச்சு. நானும் பாடினேன். என் பக்கத்துல அனார்னு ஒருத்தி நிப்பா. சின்ன உருவம். குரலோ, அடேயப்பா! எங்க சுருதி தெக்கால போனா அவ வடக்கால போவா."

"அவளை…"

"எங்க பாட்டு சார் நல்ல மனுஷன். நீ சொன்ன மாதிரி இதமாத்தான் சொன்னாரு. வாயை மட்டும் அசைம்மான்னு. அவளும் அசைச்சா. நாங்க ஜெயிச்சோம். எறங்கி வந்ததும் அவங்கப்பா அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, 'உன் குரலைத்தான் கேட்டேன், கூட்டத்துல உன் குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சு'ன்னு அழுதாரு. அவ மூஞ்சி அப்ப போன போக்கு இருக்கே…"

பூபுசாரா பியானோவின் மூடியைச் சாத்தினாள். அறை மெல்லக் குளிர்ந்தது.

"திரும்பி வரும்போது கணவாய்ல பனிப்புயல். பஸ் நின்னுபோச்சு. ஒண்ணுக்குப் போறேன்னு இறங்கினவதான். ஒரு கைதூரம் கண்ணு தெரியல. நாங்க அத்தனை பேரும் வரிசையா நின்னு கத்தினோம். அனார், அனார்னு தொண்டை கிழியக் கத்தினோம். பதில் வரல. புயல் அடங்கினதும் பாத்தா, பஸ்ஸுக்குப் பக்கத்துலயே, இதோ அந்த ஜன்னல் தூரத்துல கிடந்தா. வாய் நல்லாத் திறந்திருந்துச்சு. உள்ள பூரா பனி."

"கத்தியிருக்கா. காத்துல கேக்கல," என்றாள் தமீரா.

"அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க." பூபுசாரா எழுந்தாள். "கத்தினாளா, வாயை மட்டும் அசைச்சாளா, யாருக்குத் தெரியும்?"

அவள் அதைச் சொல்லி முடித்தபோது, சுவரோரப் பலகை லேசாக முனகியது. ஒருவர் கால் மாற்றி நிற்கிற சத்தம்.

இருவரும் ஓடவில்லை. ஓட முடியவில்லை. கைகோத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கியே நடந்து கதவைத் தாண்டினார்கள்.

போட்டிக்குப் போகப் போவதில்லை என்று தமீரா முடிவு செய்தாள். அன்றே ஸூராவின் கடைக்குப் போய் அதைச் சொன்னாள். அடுப்பின் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே ஜாங்கில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

"போவலேன்னா எம் பொண்ணுக்குக் குரல் வந்துருமா?" என்றாள் ஸூரா.

தமீரா ஜாங்கிலின் உதடுகளைப் பார்த்தாள்.

"ராவும் பகலும் இதே அசைவுதான். என்னா சொல்றான்னு உதட்டையே பாத்துப் பாத்துக் கண்டுபுடிச்சேன். 'கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்க.' வேற ஒண்ணுமில்ல." ஸூரா குனிந்து, அடுப்புச் சத்தத்துக்குள் குரலைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்: "சொல்றது எம் மகளான்னு எனக்குத் தெரியல, தங்கச்சி. யாரா இருந்தா என்ன? கூட்டிட்டுப் போ. குடுக்க வேண்டியதைக் குடுத்துரு."

பெற்றோரில் பாதிப்பேர் மறுத்தார்கள். தயங்கிய மீதிப்பேரைப் பூபுசாரா வீடுவீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தாள். போட்டியன்று காலையிலேயே பஸ் கிளம்பியது. நல்ல வெயில். கணவாயில் பனி கண்ணைக் கூச வைத்தது. ஓட்டுநர் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஏதேதோ சொல்லிப் பார்த்துவிட்டு, யாரும் சிரிக்காததால் அவரும் அடங்கிவிட்டார்.

உச்சிக்கு வந்தபோது ஜாங்கிலின் ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டு வட்டமாக மங்கியது. தமீரா எட்டி, கைக்குட்டையால் துடைத்தாள்.

மங்கல் போகவில்லை.

விரலால் தேய்த்தாள். கண்ணாடி காய்ந்திருந்தது.

மூச்சு வெளிப்பக்கத்திலிருந்து பட்டுக்கொண்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸோடு கூடவே.

மாகாண நகரத்துக் கலாசார மாளிகையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தங்களுக்கு முன்னால் பாடிய பள்ளிக்குக் கைதட்டல் ஓய்வதற்குள் தமீராவின் பிள்ளைகளை மேடையேறச் சொன்னார்கள். பிள்ளைகள் மூன்று அடுக்காக நின்றார்கள். மூன்றாம் அடுக்கின் வலது ஓரத்தில் ஜாங்கில். அவளுக்கு அந்தப்பக்கம் இருவர் நிற்கும் இடம், இங்கேயும் தானாகவே காலியாக விழுந்திருந்தது. கூட்டத்தில் ஸூரா தெரிந்தாள். தலைத்துணியின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாணவன் கோமுஸை மீட்டினான். முன்னிசை சுற்றி வந்து, முதல் வரிக்காகக் காத்து நின்றது. எல்தானா பாட வேண்டிய இடம். எல்தானா தமீராவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முடியாது. பையன் மறுபடி மீட்டினான். நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தமீரா எல்தானாவிடமிருந்து பார்வையை எடுத்தாள்.

மூன்றாம் வரிசையின் ஓரத்துக்கு, யாருமில்லாத அந்த இடத்துக்குத் திரும்பினாள். உள்ளங்கையை விரித்து, குழந்தையை அழைக்கிற மாதிரி நீட்டினாள்.

நீ பாடு.

முதலில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நெடுங்காலம் தண்ணீருக்கடியில் கிடந்தவர் மேலே வந்து இழுக்கிற மூச்சு.

பிறகு குரல் வந்தது.

அது ஜாங்கிலின் வாயிலிருந்து வந்ததா, அந்தப்பக்கத்திலிருந்து வந்ததா என்று பின்னால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கரடுமுரடான, சுருதி தெரியாத, சின்னப் பெண்ணின் குரல். விளக்குகளின் கண்ணாடிக் குமிழ்கள் அதிர்ந்தன. மலை இறங்கி வா என்று அது கேட்டபோது, முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மேடையிலிருந்து பனி வாசனை இறங்கி, நாற்காலிகளுக்கிடையே பரவியது.

வரி முடிந்தது. தமீரா மற்ற பிள்ளைகள் பக்கம் கையைத் திருப்பினாள். அவர்கள் வாயைத் திறந்தார்கள். குரல் இருந்தது. எல்லோருக்கும் இருந்தது. எல்தானா அழுதுகொண்டே பாடினாள். ஜாங்கில் தலையைப் பின்னால் சாய்த்து, எதிர்ச்சரிவு ஆட்டைக் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், சுருதியைக் கண்டபடி மிதித்துக்கொண்டு பாடினாள். அவளை யாரும் அடக்கவில்லை. முடிவில் தமீரா கையை மூடியபோது அரங்கம் கொஞ்ச நேரம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது.

ஜெயிக்கவில்லை. தலைநகரத்துக்கு வேறொரு பள்ளி போனது. ஆனால் நடுவர்களில் மூத்த அம்மாள் ஒருத்தி மேடைக்குப் பின்னால் தேடிக்கொண்டு வந்தாள். "அந்த முதல் வரி பாடினது யாரு? சுருதின்னா கிலோ என்ன விலைன்னு கேக்கும்போல. ஆனா எனக்கு உடம்பு பூரா புல்லரிச்சுப் போச்சும்மா. இந்தப் பள்ளியில பாட்டு வகுப்பை நிறுத்தினா நான் இலாகாவுல வந்து உக்காந்துக்குவேன்."

அவள் சொன்னதைச் செய்தும் காட்டினாள். வகுப்பு தொடரும் என்று அந்த வாரமே சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜாங்கில் வழி முழுக்கப் பேசினாள். "எஜே, அந்த மொதல் வரி நான் பாடலை. சத்தியமா. அப்ப என் தொண்டையில சத்தமே இல்ல," என்றாள். தமீரா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். கணவாயில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பூபுசாரா தனியே இறங்கினாள். பனியைப் பார்த்து இரு கைகளையும் ஏந்தி வேண்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி ஏறினாள். இசை அறையின் ஓரம் அன்றிலிருந்து குளிரவில்லை. பிள்ளைகள் அங்கேயும் நிற்கத் தொடங்கினார்கள். தமீரா பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"தமீரா டீச்சருங்களா? நான் கலாசார மாளிகைப் பொறுப்பாளர் பேசறேன்." வயதானவர். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு ஒருத்தி இங்கயே தங்கிட்டாளா?"

"இல்லையே. எல்லாரும் அன்னிக்கே வந்துட்டாங்க. ஏன் கேக்கறீங்க?"

"போட்டி முடிஞ்ச அன்னிலேருந்து மேடையில பாட்டுச் சத்தம். கதவைப் பூட்டினாலும் கேக்குது, திறந்தாலும் கேக்குது. ஆளைக் காணோம். அந்த மொதல் வரியேதான் திரும்பத் திரும்ப. அடுத்த வரிக்குப் போக மாட்டேங்குது. கூட்டறவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்குக் கைநீட்டி ஆரம்பிச்சு வச்சது நீங்க. நிறுத்தறதும் நீங்கதானே நிறுத்தணும்? இருங்க, நீங்களே கேளுங்க."

அவர் நடப்பது கேட்டது. ஒரு பெரிய கதவு திறந்தது. காலி அரங்கத்தின் எதிரொலிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மலை இறங்கி வா. ஒவ்வொரு முறையும் இன்னும் களைத்து, இன்னும் கெஞ்சி, எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தராத குரல்.

அன்றைக்குத் தமீரா கைநீட்டி அழைத்திருந்தாள். பாட்டின் முடிவில், நிறுத்தச் சொல்லிக் கையை மூடியது தன் பிள்ளைகளைப் பார்த்து. அந்த ஓரத்தை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தமீரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சமையலறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. இடது கையை மெல்ல உயர்த்தினாள். காற்றில் அரைவட்டம் வரைந்து, விரல்களைக் குவித்து மூடினாள்.

போதும் கண்ணு.

போனில் பாட்டு நின்றது.

"டீச்சர்!" என்றார் அந்தப் பெரியவர். "நின்னுருச்சு டீச்சர்! என்ன பண்ணீங்க?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தாள், உதடு மட்டும் அசைந்தது.

அவளுக்குப் பின்னால், முதுகை ஒட்டி, யாரோ அடுத்த வரிக்காக மூச்சை இழுத்தார்கள்.